வீட்டுச் சுவரில் பூசணம்: அடையாளமும் பரிகாரமும்

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை பெய்து உத்திரமேரூர்த் தாலூகாவின் ஏரிகள் நிரம்பும்போது குடியானவரின் மனம் குளிர்வது இயல்பே. அந்த நீரைக் கொண்டே நெல் விளைகிறது. கிணறுகளில் ஊற்றுச் சுரக்கிறது. ஆனால் அதே மழை வீட்டிற்குள் செய்துவிட்டுப் போகும் காரியத்தை அவர் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மார்கழி பிறக்கும் சமயம் சமையலறை மூலையிலும், நெல் மூட்டைகளின் பின்புறத்திலும், பரணுக்கு அடியிலும் கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் தோன்றிப் படர்கின்றன. டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஈர வாடை வீசுகிறது. தை பிறப்பதற்குள் சுண்ணாம்பைக் கரைத்து அந்த இடத்தின்மேல் இரண்டு பூச்சுப் பூசிவிட்டால் விஷயம் தீர்ந்தது என்று வீட்டார் நினைக்கிறார்கள். அடுத்த ஐப்பசியில் அதே மூலையில் அதே கறை மறுபடியும் வருகிறது.

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது முன்னோர் வகுத்த நல்ல வழக்கம். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூசணம் எளிதில் வளர்வதில்லை. ஆயினும் ஈரம் வற்றாத சுவரின்மேல் வெள்ளையடிப்பது, உள்ளே சீழ் இருக்கப் புண்ணின்மேல் சந்தனம் பூசுவதை ஒக்கும். பூசணத்தைப் பற்றிச் சங்க அங்கத்தினர்கள் மனத்தில் இருத்த வேண்டிய முக்கிய விஷயம் ஒன்றே. பூசணம் இருக்கும் இடத்தில் நீர் இருக்கிறது. அந்நீர் வரும் வழியை அடைக்காதவரையில் பூசணம் போகாது.

1. பூசணம் என்பது என்ன?

பூசணம், பூஞ்சணம், பூஞ்சாளம், பூஞ்சை என்று பல பெயர்களால் வழங்கும் இப்பொருள் வெறும் அழுக்கு அன்று, உயிருள்ளது. காளான் இனத்தைச் சேர்ந்தது. செடியைப்போல் வெயிலைக் கொண்டு ஆகாரம் செய்துகொள்ளும் சக்தி இதற்கு இல்லை. மரம், காகிதம், துணி, தோல், தானியம், சுவரில் படிந்த தூசி ஆகியவற்றையே தின்று, நூல் போன்ற மெல்லிய இழைகளை விட்டு வளர்கிறது. கண்ணுக்குப் புள்ளி தெரிவதற்கு முன்னரே இழைகள் பொருளுக்குள் ஓடியிருக்கும். பிறகு கண்ணுக்குப் புலப்படாத விதைத்தூளை உண்டாக்கிக் காற்றில் பரப்பும்.

இத்தூள் எல்லா வீட்டுக் காற்றிலும் எக்காலமும் உண்டு. அதை அடியோடு ஒழிக்க எவராலும் இயலாது. அது விழுந்த இடம் காய்ந்திருந்தால் சும்மா கிடக்கும், நனைந்திருந்தால் முளைக்கும். நனைந்த பொருள் ஒன்று அல்லது இரண்டு நாட்களுக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டால் பூசணம் பிடிப்பது அரிது. ஆகையால் மனிதர் கையில் இருப்பது விதையைத் தடுப்பது அன்று, ஈரத்தைத் தடுப்பதே.

2. பூசணமா, உப்பா, புகையா?

சுவரில் காணும் கறை யாவும் பூசணம் அல்ல. பரிகாரம் தேடுமுன் இன்னதென்று அறிந்துகொள்ள வேண்டும்.

சுவரின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பொரிந்து, விரலால் தேய்த்தால் மணல்போல் உதிர்வது பெரும்பாலும் உப்பு. அதைச் சிறிது சுரண்டி நீரில் இட்டால் கரைந்துவிடும், பூசணம் கரையாது. உப்புப் பூத்தல் தேகத்துக்கு அதிகத் தீங்கு செய்வதன்று. ஆனால் தரையிலிருந்து ஓதம் ஏறுகிறது என்பதற்கு அது சாட்சி. இன்று உப்புப் பூக்கும் சுவரில் நாளை பூசணமும் பூக்கக்கூடும்.

அடுப்புக்கு மேலே படிந்த கருமை புகையாக இருக்கலாம். ஐயமிருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைத்த தெளிந்த நீரை ஒரு துளி தொட்டு வைத்துச் சில நிமிஷங்கள் கழித்துப் பார்க்கலாம். பூசணக் கறை வெளுக்கும், புகைக்கரி வெளுக்காது.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாமலே அறையில் முடை நாற்றம் இருப்பதும் உண்டு. அங்ஙனமாயின் அலமாரியின் பின்புறம், பெட்டிகளின் அடி, குதிருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, சுவரில் மாட்டிய படங்களின் பின்புறம் ஆகியவற்றை விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். காற்று நுழையாத இடத்திலேயே பூசணம் முதலில் குடியேறுகிறது.

3. நீர் எவ்வழியே வருகிறது?

வீட்டுக்குள் நீர் வரும் வழிகள் நான்கு. கறை நிற்கும் இடத்தைக் கொண்டே வழியை ஏறக்குறைய ஊகித்துவிடலாம்.

முதலாவது மேலிருந்து வருவது. கறை கூரைக்கு அருகில் தொடங்கிக் கீழே இறங்கினால் உடைந்த ஓடு, மக்கிய கீற்று, மாடித் தளத்தின் வெடிப்பு, இலைகுப்பை அடைத்த மழைநீர்த் தூம்பு ஆகிய இவற்றில் ஒன்று காரணமாயிருக்கும். மழை பெய்யும்போதே விளக்குடன் பரணில் ஏறிப் பார்ப்பவர் ஒழுகும் இடத்தை எளிதில் கண்டுகொள்வார்.

இரண்டாவது கீழிருந்து ஏறுவது. கறை தரையை ஒட்டித் தொடங்கி முழங்கால் உயரத்துக்கோ இடுப்பளவுக்கோ ஒரே வரிசையாக நின்றால் அது ஓதம். சுவருக்கு வெளியே மண்ணோ எருவோ குவிந்திருத்தல், பாத்திரம் துலக்கும் நீர் தேங்கி நிற்றல், தெரு உயர்ந்து வீட்டுத் தரை தாழ்ந்துபோதல் முதலியவை இதற்குக் காரணங்கள்.

மூன்றாவது பக்கத்திலிருந்து வருவது. குளிக்கும் இடத்துச் சுவர், கசியும் குழாய், அண்டை வீட்டு இறவாணத்திலிருந்து கொட்டும் நீர் முதலியன இவ்வகை. கறை இவற்றுக்கு நேரே திட்டாக இருக்கும்.

நான்காவது வீட்டாரே உண்டாக்குவது. காற்றோட்டமில்லாத அறையில் நெல் அவித்தல், மழைநாளில் ஈரத்துணிகளை உட்கொடியில் உலர்த்துதல், சன்னல்களைச் சாக்கிட்டு அடைத்தல் ஆகியவற்றால் நீராவி காற்றில் கலந்து குளிர்ந்த சுவரில் படிகிறது.

சுவரின் ஈரம் உள்ளிருந்து வருவதா, அறைக் காற்றிலிருந்து படிவதா என்று அறிய எளிய பரீக்ஷை ஒன்று உண்டு. சாண் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாதபடி ஒட்டி இரண்டு நாள் விட்டுவைக்க வேண்டும். பிறகு தாளின் உட்புறம் நீர்த்துளிகள் காணப்பட்டால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் காணப்பட்டால் அறையில் நீராவி மிகுதி; சன்னலைத் திறப்பதே அதற்கு முதல் மருந்து.

4. ஓர் உதாரணம்

நெல்லும் வேர்க்கடலையும் பயிரிடும் ஓர் அங்கத்தினரின் வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். மேற்கு அறையில் பூசணம். அவ்வறையில் படுக்கும் ஆறு வயதுக் குழந்தைக்குக் கார்த்திகை தோறும் இருமலும் இரவில் இழுப்பும் காண்கின்றன. மருந்துக்கு ஆண்டுதோறும் செலவு. வெள்ளையடிக்க ஆண்டுதோறும் செலவு. ஒரு வருஷம் கடன் வாங்கி, முழங்கால் உயரத்துக்குச் சிமிட்டியும் பூசியாயிற்று. ஓதம் சிமிட்டிக்கு மேலே ஏறி இடுப்பளவில் நின்றது.

இங்கே நடந்தது என்ன? மண் சுவரும் சுண்ணாம்புச் சாந்திட்ட பழைய செங்கற் சுவரும் தாம் குடித்த ஈரத்தை மெல்ல வெளியே விட்டு உலரும் தன்மையுள்ளவை. அவற்றின்மேல் சிமிட்டியையோ எண்ணெய் வர்ணத்தையோ பூசினால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. அடைபட்ட நீர் வழி தேடி மேலே ஏறுகிறது.

வெளியே போய்ப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இரண்டு வீடுகளுக்கும் இடையே இரண்டு முழச் சந்து. அண்டை வீட்டு இறவாணத்து நீர் அச்சந்தில் கொட்டுகிறது. சந்தில் ஆண்டாண்டாய் விழுந்த மண்ணும் குப்பையும் உள் தரையைவிட ஒரு சாண் உயர்ந்துவிட்டன. பாதை போடும் ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்தபடியால் சந்து நீர் தெருவுக்கு வடிய வழியில்லை. அண்டை வீட்டார்மேல் கோபங்கொண்டு பயன் இல்லை. அவருடைய சுவரும் மறுபுறம் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்குப் பரிகாரம் எளியது. இரு வீட்டாரும் சேர்ந்து சந்தின் மண்ணை உள் தரைக்கு ஒரு சாண் கீழாக வெட்டி எடுக்க வேண்டும். வடிகாலைச் சரிவாக அமைத்துத் தெரு வடிகாலுடன் சேர்க்க வேண்டும். இறவாணத்தின் கீழ்த் தகரத் தூம்பு கட்டி நீரைத் தூரத்தில் விட வேண்டும். சிமிட்டிப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கோடை முழுவதும் சுவரை உலரவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். ஆண்டுதோறும் செய்த வீண் செலவுக்கு முன் இது பெரிதன்று. ஆனால் ஒரு வீட்டார் மட்டும் முயன்றால் இது கைகூடாது.

5. சுத்தம் செய்யும் முறை

நீர் வரும் வழியை அடைத்த பிறகே சுத்தம் செய்யத் தொடங்க வேண்டும். மூன்றடிக்கு மூன்றடி அளவுக்கு உட்பட்ட இடத்தை வீட்டாரே சுத்தம் செய்துகொள்ளலாம். இழுப்பு, காசம் முதலிய நுரையீரல் வியாதியுள்ளவர்களும், கர்ப்பிணிகளும், குழந்தைகளும், முதியோரும் அப்போது அவ்வறையில் இருக்கலாகாது. வேலை செய்பவர் முகமூடியும் கையுறையும் அணிவது அவசியம். வெறுந்துணி நுண்தூளை முழுதும் தடுக்காது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் என்-95 என்னும் முகமூடி மேலானது.

காய்ந்த பூசணத்தைத் துடைப்பத்தால் பெருக்கலாகாது. தூள் வீடெங்கும் பரவும். முதலில் ஈரத்துணியால் ஒற்றி, சோப்பு நீரும் தென்னை நார்ப் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, நல்ல நீரால் துடைத்து, சன்னல் கதவுகளைத் திறந்து முற்றும் உலர்த்த வேண்டும். துடைத்த துணியைக் கொதிநீரில் இட வேண்டும் அல்லது எறிந்துவிட வேண்டும்.

சிமிட்டித் தரை, ஓடு பதித்த சுவர் ஆகிய கெட்டியான பரப்புகளுக்குப் பிளீச்சிங் பவுடர் நீரைப் பொட்டலத்தில் கண்ட அளவுப்படி உபயோகிக்கலாம். மரத்திலும் மண் சுவரிலும் அது மேலே வெளுக்குமேயன்றி உள்ளே ஓடிய இழைகளைச் சென்று சேராது. பிளீச்சிங் பவுடருடன் கக்கூஸ் கழுவும் அமிலத்தையோ அம்மோனியா கலந்த பொருளையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. சேர்த்தால் விஷவாயு கிளம்பிப் பிராணனுக்கே அபாயம் நேரும்.

நனைந்து பூசணம் ஏறிய பாய், தலையணை, பஞ்சு மெத்தை ஆகியவற்றைச் சுத்தம் செய்வது வீண். போகிக்குப் பழையன கழியும்போது அவற்றையும் கழித்துவிடுவது நலம். ஆனால் அவற்றைத் தெருவில் கொளுத்தி, புகையால் அண்டை வீட்டாரைத் துன்புறுத்தலாகாது.

6. தேக சுகம்

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இருமல், இழுப்பு, சுவாச வியாதிகள் அதிகம் நேர்கின்றன என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ஆம் வருஷம் வெளியிட்ட வழிகாட்டு நூல் முடிவு கூறுகிறது. மழைக்காலந்தோறும் ஒரே அறையில் படுப்பவருக்கு இருமல் கண்டு, வேறு ஊர் சென்றால் குறையுமானால், வைத்தியரிடம் அச்செய்தியைத் தவறாமல் சொல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலைப் பூசணத்தால் வந்ததென்று தாமே முடிவுகட்டாமல் ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்வது கடமை. அது காசமாகவும் இருக்கலாம்.

2021-ஆம் வருஷம் கொரோனா பரவிய காலத்தில் “கறுப்புப் பூஞ்சை” என்ற கொடிய வியாதி பலரைத் தாக்கியபோது, சுவரின் கருங்கறையைக் கண்டும் ஜனங்கள் பீதியுற்றனர். அவ்வியாதி மியூகோர் வகைப் பூஞ்சைகளால், பெரும்பாலும் நீரிழிவுள்ளவர்களுக்கும் ஸ்டீராய்டு மருந்து மிகுதியாகப் பெற்றவர்களுக்கும் நேர்ந்தது. சுவரில் தோன்றும் கறுப்புக் கறை வேறு. நிறத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். நிறம் வெளுப்பாயிருக்கிறதென்று அலட்சியம் செய்யவும் வேண்டாம். எந்நிறமாயினும் அகற்ற வேண்டியதே.

7. தானியமும் வேர்க்கடலையும்

சுவரில் பூத்த பூசணத்தைவிடக் களஞ்சியத்தில் பூப்பது அதிக அபாயமுள்ளது. ஆஸ்பெர்ஜில்லஸ் பிளேவஸ் என்னும் பசுமஞ்சள் பூசணம் வேர்க்கடலை, மக்காச்சோளம், மிளகாய், கொப்பரை முதலியவற்றில் அப்ளடாக்ஸின் என்ற விஷத்தை உண்டாக்கக்கூடியது. 1960-ஆம் வருஷம் இங்கிலாந்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூசணம் ஏறிய கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று கண்டார்கள். 1974-ஆம் வருஷம் ராஜஸ்தானம், குஜராத்து எல்லைப் பகுதிகளில் மழையில் நனைந்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டவர் ஈரல் கெட்டு இறந்தனர். சிறிது சிறிதாக நெடுங்காலம் உட்கொண்டால் ஈரலில் புற்றுநோய் உண்டாகும்.

இவ்விஷத்தை வெயில் போக்காது. வறுப்பதும் வேகவைப்பதும் முற்றிலும் அழிக்கமாட்டா. ஆகையால் சுருங்கியதும், நிறம் மாறியதும், கசப்பதுமான கடலையைப் பொறுக்கி எறிய வேண்டும். “மனிதர் தின்னாததை மாடாவது தின்னட்டும்” என்று பூசணப் பிண்ணாக்கையும் தவிட்டையும் பசுவுக்கு வைப்பது பெரும்பிழை. அவ்விஷத்தின் ஒரு பகுதி பாலில் இறங்குகிறது. அந்தப் பால் குழந்தைகளுக்கே வந்து சேர்கிறது.

நெல்லைச் சேமிக்குமுன் ஈரம் நூற்றுக்குப் 14 பங்குக்கு மேற்படாமல் காயவைக்க வேண்டும். வேர்க்கடலைக் காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரையில் காய்ச்சல் வேண்டும். ஈரம் 8 அல்லது 9 பங்குக்குள் நிற்க வேண்டும். மூட்டைகளை வெறுந்தரையில் அடுக்காமல் மரச்சட்டங்களின்மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குவது முறை. நனைந்த மூட்டை ஒன்றைக் காய்ந்த மூட்டைகளோடு சேர்த்து வைப்பவர், தம் நஷ்டத்தைப் பிறர் தலையிலும் ஏற்றுகிறார். சங்கக் கிடங்கில் இது விசேஷமாய்க் கவனிக்கத்தக்கது.

8. துணியும் பத்திரங்களும்

காஞ்சிபுரம் பட்டுப் புடவையைக் கடும் வெயிலில் உலர்த்தினால் சாயம் மங்கும். மழைக்காலம் முடிந்ததும் நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடித்து, பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும். அந்துருண்டை பூச்சியை விலக்குமேயன்றிப் பூசணத்தைத் தடுக்காது. பட்டா, கிரயப் பத்திரம், சங்கப் பாஸ் புத்தகம் முதலியவை நனைந்தால் ஒட்டிய தாள்களை அவசரப்பட்டுப் பிரிக்காமல், இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து, நிழலில் காற்றுப்பட உலர்த்த வேண்டும். அவற்றைத் தரைப் பெட்டியில் வையாமல் உயரத்தில் வைப்பதே வெள்ளத்துக்கும் ஓதத்துக்கும் காப்பு. 2015-ஆம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழையில் காஞ்சிபுரம் ஜில்லாவில் வீடுகளுக்குள் நீர் புகுந்த அனுபவம் இதை நன்கு உணர்த்தியது.

9. சங்கம் செய்யக்கூடியது

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்திய, 919, 921 ஆகிய வருஷங்களின் கல்வெட்டுக்கள் உள்ளன. குடவோலை இட்டு வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையை அவை கூறுவதை யாவரும் அறிவர். அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். நீர் ஒருவர் நிலத்தோடு நிற்பதன்று, அதைக் காப்பது ஊரார் பொறுப்பு என்பதை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூர் உணர்ந்திருந்தது. ஏரி நீருக்குப் பொருந்தும் இவ்வுண்மை இறவாணத்து நீருக்கும் பொருந்தும். மேல் வீட்டு நீர் கீழ் வீட்டுச் சுவரில் ஊறுகிறது. அடைபட்ட ஒரு வடிகாலால் தெரு முழுவதும் ஓதம் ஏறுகிறது.

ஆகையால் ஆனி மாதத்திலேயே, மழைக்கு முன்னதாக, அங்கத்தினர்கள் சிலர் சேர்ந்து தெருத் தெருவாகச் சென்று அடைபட்ட வடிகால்களையும், மண் ஏறிய சந்துகளையும், உடைந்த ஓடுகளையும் குறித்துக்கொள்ளலாம். தெரு வடிகாலைப் பற்றிக் கிராமப் பஞ்சாயத்துக்கு ஒருமுகமாக விண்ணப்பிக்கலாம். ஓடு, சுண்ணாம்பு, தகரத் தூம்பு ஆகியவற்றைப் பலர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை நயமாகும். இரு வீட்டாருக்கு இடையிலுள்ள சந்தை வெட்ட இரு வீட்டாரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசுவதும் சங்கத்தார் செய்யத்தக்க நற்பணியே. மாதங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டால் வேலை இலேசாகும்: ஆனியில் பழுது பார்த்தல், ஐப்பசியில் ஒழுக்கைக் கவனித்தல், மார்கழியில் காற்றாடவிட்டு உலர்த்தல், சுவர் உலர்ந்த பின்னர் வெள்ளையடித்தல்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. சென்ற மழைக்காலத்தில் அங்கத்தினர் வீடுகளில் பூசணம் கண்ட இடங்கள் எவை? ஒவ்வொன்றுக்கும் நீர் எவ்வழியே வந்தது?

2. உப்புப் பூத்தலையும் பூசணத்தையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்?

3. மண் சுவரின்மேல் சிமிட்டி பூசுவதால் ஓதம் ஏன் அதிகமாகிறது?

4. பூசணம் ஏறிய பிண்ணாக்கைப் பசுவுக்கு வைத்தால் அத்தீங்கு யாரைச் சேர்கிறது?

5. இவ்வூரில் எந்த இரண்டு வீட்டார் ஒத்துழைத்தால் எந்தச் சுவர் உலரும்?